கெர்னல் அணியைக் கோப்பாகப் படிக்கத் தருவது: ப்ராக், சிஸ், டீபக் அடைவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) 64 உணரிகளின் வெப்ப அளவை ஓர் அணியில், அதாவது ஒரே வகை உறுப்புகளின் வரிசையில், வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வோர் உறுப்பும் 16 பைட். அதில் உணரி எண்ணுக்கு 4 பைட், மில்லிசெல்சியஸில் வெப்பத்துக்கு 4 பைட், இதுவரை எத்தனை முறை அளந்தோம் என்ற எண்ணிக்கைக்கு 8 பைட். இந்த அணியைப் பயனர் சாதாரண 'கேட்' கட்டளையில் படிக்க வேண்டும். வட்டில் அப்படி ஒரு கோப்பு இல்லை. யாராவது திறந்து படிக்கும்போதுதான் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த எழுத்துகளை உருவாக்குகிறது.

அணியை அச்சிடும் நிரல் பத்து இருபது வரிக்குள் முடிந்துவிடும். சிக்கல் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பயனர் நிரல் கோப்பை ஒரே மூச்சில் படிப்பதில்லை, துண்டு துண்டாகப் படிக்கிறது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே அணி மாறலாம், டிரைவர் இருக்கும் மாட்யூலே (கெர்னலில் ஏற்றி இறக்கும் நிரல் பகுதி) இறக்கப்படலாம். இந்த இரண்டுக்கும் விடை முடிவாகாமல் நிரல் எழுத உட்கார்ந்தால், மேசையில் சரியாக ஓடி வாடிக்கையாளர் கணினியில் உடையும் டிரைவர்தான் கிடைக்கும்.

செயற்கூறுகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். அடிக்கோடுகள் கெர்னல் மூலநிரலில் உள்ள இடத்திலேயே இருப்பதால் தேடிப் பிடிப்பது எளிது.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

/ப்ராக் அடைவு செயல்முறைகளின் விவரங்களுக்காக வந்தது. நாளடைவில் கண்டதெல்லாம் அதில் சேர்ந்துவிட்டதால், தனி ஒரு டிரைவரின் தகவலைப் புதிதாக அங்கே வைப்பதைக் கெர்னல் பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை. கணினி முழுவதற்கும் பொதுவான அட்டவணை என்றால் மட்டும் அங்கே வையுங்கள். /ப்ராக்/இன்டரப்ட்ஸ், /ப்ராக்/ஸ்டாட் இரண்டும் அந்த வகை.

/சிஸ் சாதனப் பண்புகளுக்கானது. ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது அதன் விதி. ஒரே வகை மதிப்புகளின் அணியை ஒரே கோப்பில் தருவது ஏற்கத்தக்கது என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ஆகவே 64 வெப்ப அளவுகளை ஒரு வரியில் தரலாம். எண், வெப்பம், எண்ணிக்கை என்று மூன்று பத்திகளும் மேலே தலைப்பு வரியும் கொண்ட அட்டவணையை அங்கே வைக்கக் கூடாது.

டீபக்எஃப்எஸ் 2004இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதியது. வழக்கமாக /சிஸ்/கெர்னல்/டீபக் என்ற இடத்தில் ஏற்றப்படும். அங்கே வடிவத்துக்கு விதி கிடையாது. இயல்பாக ரூட் பயனர் மட்டுமே உள்ளே போக முடியும்.

எங்கள் பரிந்துரை: உருவாக்கக் கட்டத்தில் டீபக்எஃப்எஸ்ஸில் வைத்துப் பழகுங்கள். பிற நிரல்கள் உண்மையிலேயே நம்பிப் படிக்கப்போகும் மதிப்புகளை மட்டும் பிறகு /சிஸ் அடைவுக்கு எடுத்துச் செல்லுங்கள். /ப்ராக், /சிஸ் இரண்டிலும் ஒரு கோப்பு வெளியாகிவிட்டால் அதன் வடிவம் பயனர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு. பத்தியின் வரிசையை மாற்றினால் எங்கோ ஒரு கண்காணிப்பு நிரல் உடையும், உங்கள் திருத்தம் திருப்பி அனுப்பப்படும்.

நிரல் எழுதாமலே முடியும் இரண்டு வழிகள்

அணி சிறியது, எண்கள் மட்டும்தான் என்றால் கெர்னலில் ஏற்கெனவே ஆயத்த வழிகள் உள்ளன.

மாட்யூல்_பேராம்_அர்ரே என்ற மேக்ரோவுக்கு அணியின் பெயர், வகை, எண்ணிக்கை மாறியின் முகவரி, 0444 அனுமதி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். /சிஸ்/மாட்யூல் அடைவுக்குள் உங்கள் மாட்யூலின் பெயரில், பேராமீட்டர்ஸ் என்ற உள்ளடைவில் கோப்பு தானாகத் தோன்றும். மதிப்புகள் காற்புள்ளியால் பிரிந்து வரும். பலர் விழும் பள்ளம் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கை மாறியைக் கொடுத்திருந்தால், அந்த மாறி சொல்லும் அளவுக்குத்தான் உறுப்புகள் அச்சாகும். மாட்யூலை ஏற்றும்போது யாரும் மதிப்பு தராமல், அந்த மாறியும் 0 ஆகவே இருந்தால் கோப்பு காலியாக வரும். முழு அணியும் தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்தில் வெற்றுச் சுட்டியை (எதையும் சுட்டாத முகவரி) கொடுங்கள், அல்லது மாறியின் தொடக்க மதிப்பை அணியின் நீளமாக வையுங்கள்.

டீபக்எஃப்எஸ்_கிரியேட்_யு32_அர்ரே என்பது 32 பிட் குறியில்லா எண்களின் அணிக்கானது. அணியின் முகவரியையும் உறுப்புகளின் எண்ணிக்கையையும் ஒரு சிறு கட்டமைப்பில் வைத்து அனுப்ப வேண்டும். கோப்பைத் திறக்கும்போதே மதிப்புகளை எழுத்தாக்கி ஒரு பஃபரில் (தற்காலிக நினைவக இடம்) வைத்துக்கொள்ளும். ஓர் உறுப்புக்கு 11 எழுத்து ஒதுக்குகிறது: 10 இலக்கம், ஓர் இடைவெளி. அந்தச் சிறு கட்டமைப்பைச் செயற்கூறின் உள் மாறியாக அறிவித்துவிடாதீர்கள். செயற்கூறு முடிந்ததும் அந்த இடம் வேறெதற்கோ போய்விடும், கோப்பைத் திறப்பவர் குப்பை முகவரியைப் படிப்பார். அதை ஸ்டேட்டிக் ஆக வையுங்கள், அல்லது சாதனக் கட்டமைப்புக்குள் வையுங்கள்.

நம் வெப்ப அணியில் குறியுள்ள எண்ணும் 64 பிட் எண்ணும் கலந்திருப்பதால் இரண்டு வழியும் பொருந்தாது. எழுத்தைத் துண்டு துண்டாகத் தரும் கெர்னலின் சீக்_ஃபைல் அடுக்கு தேவைப்படுகிறது.

சீக்_ஃபைல்: நான்கு செயற்கூறுகள்

அல் விரோ 2001இல் எழுதிய இந்த அடுக்கு, பயனர் எத்தனை பைட் கேட்டார், எந்த இடத்தில் நின்றார் என்ற கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாம் ஸ்டார்ட், நெக்ஸ்ட், ஸ்டாப், ஷோ என்ற நான்கையும் எழுதிச் சீக்_ஆபரேஷன்ஸ் கட்டமைப்பில் கோத்துத் தர வேண்டும்.

1. ஸ்டார்ட்: இடக்குறியின் முகவரி ஒன்று நமக்கு வரும். அதில் இருப்பது உறுப்பின் வரிசை எண். கோப்பின் பைட் இடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பூட்டை (ஒரே நேரத்தில் இருவர் அணியைத் தொடாமல் தடுப்பது) எடுங்கள். வரிசை எண் 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெற்றுச் சுட்டியைத் திருப்புங்கள், இல்லையென்றால் அந்த உறுப்பின் முகவரியைத் திருப்புங்கள். வரிசை எண்ணையே சுட்டியாக மாற்றித் திருப்பும் பழக்கம் வேண்டாம். 0ஆவது உறுப்பு வெற்றுச் சுட்டி ஆகிவிடும், கோப்பு தொடங்கும் முன்பே முடிந்ததாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

2. நெக்ஸ்ட்: இடக்குறியை ஒன்று கூட்டுங்கள், பிறகு அதே எல்லைச் சோதனை. கடைசி உறுப்பைத் தாண்டி வெற்றுச் சுட்டி திருப்பும்போதும் கூட்டியே ஆக வேண்டும். கூட்டாமல் விட்டால் சிறு துண்டுகளாகப் படிப்பவருக்குக் கடைசி வரி இரண்டு முறை வரும். புதிய கெர்னல்கள் இதைக் கண்டுபிடித்து, நெக்ஸ்ட் இடக்குறியை நகர்த்தவில்லை என்று டிமெஸ்ஜியில் (கெர்னலின் செய்திப் பதிவு) செயற்கூறின் பெயரோடு சொல்லிவிடும்.

3. ஸ்டாப்: பூட்டை விடுங்கள். ஸ்டார்ட் வெற்றுச் சுட்டியைத் திருப்பியிருந்தாலும் ஸ்டாப் அழைக்கப்படும். அதனால் ஸ்டார்ட்டில் 'உறுப்பு இல்லை' என்ற கிளையில் பூட்டை நீங்களே விட்டுவிட்டால், ஸ்டாப் இரண்டாம் முறை விடும். பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப் அலறும், அது இல்லாத கணினியில் பூட்டு மௌனமாகக் கெடும். எடுப்பது ஸ்டார்ட்டில், விடுவது ஸ்டாப்பில், வேறெங்கும் தொடாதீர்கள்.

4. ஷோ: ஓர் உறுப்பை ஒரு வரியாகச் சீக்_பிரிண்ட்எஃப் மூலம் எழுதி 0 திருப்புங்கள். பஃபரில் இடம் போதவில்லை என்றால் இதே உறுப்புக்கு ஷோ மறுபடி அழைக்கப்படும். ஆகவே ஷோவுக்குள் எண்ணிக்கையைக் கூட்டுவது, கொடியை அழிப்பது போன்ற பக்கவிளைவுகள் கூடவே கூடாது. 'படித்ததும் பூஜ்யமாகும் எண்ணி' ஒன்றை இப்படி எழுதினால், பெரிய பட்டியல்களில் மட்டும் எண்ணிக்கை காணாமல் போகும். அந்தப் பிழையைப் பிடிக்க நாள்கணக்காகும்.

தலைப்பு வரி வேண்டுமென்றால் இடக்குறி 0 ஆக இருக்கும்போது சீக்_ஸ்டார்ட்_டோக்கன் என்ற ஆயத்த மதிப்பைத் திருப்பி, உறுப்புகளை இடக்குறி கழித்தல் 1 என்று எடுங்கள். ஷோவின் முதல் வேலை, வந்தது டோக்கனா என்று பார்ப்பது. இதை மறந்தால் முகவரி 1ஐ உறுப்பாக நினைத்துப் படித்துக் கெர்னல் ஊப்ஸ் என்னும் கடும்பிழை வரும். எல்லைச் சோதனையும் 64லிருந்து 65ஆக மாற வேண்டும்.

பயனர் பார்ப்பது இப்படி இருக்கும்:

எண் வெப்பம் எண்ணிக்கை
0 41250 18932
1 39875 18932
2 -1500 18931

வெப்பத்தை மில்லிசெல்சியஸ் முழு எண்ணாகவே விடுங்கள். கெர்னலுக்குள் தசமக் கணக்கு போட வேண்டியதில்லை, நிரல்களுக்கும் முழு எண்ணைப் பிரித்தெடுப்பது எளிது. பின்னாளில் பத்தி சேர்க்க வேண்டி வந்தால் வலது ஓரத்தில் மட்டும் சேர்க்கலாம். இடையில் நுழைக்கக் கூடாது.

கோப்பை உருவாக்க, 4.18 முதலான கெர்னல்களில் ப்ராக்_கிரியேட்_சீக் என்ற ஒரே அழைப்பு போதும். பெயர், 0444 அனுமதி, தாய் அடைவு, சீக்_ஆபரேஷன்ஸ் முகவரி ஆகியவற்றைக் கொடுங்கள். ஒரே டிரைவர் பல சாதனங்களைக் கையாண்டால் ப்ராக்_கிரியேட்_சீக்_பிரைவேட் எடுங்கள். அதில் சாதனத்தின் சுட்டியைக் கொடுத்து, உள்ளே பிடிஇ_டேட்டா மூலம் திரும்பப் பெறலாம். 5.17க்கு முன் இந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தது. பழைய எடுத்துக்காட்டுகள் தொகுக்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, 5.6இல் /ப்ராக் கோப்புகளுக்கு ஃபைல்_ஆபரேஷன்ஸ் நீங்கி ப்ராக்_ஆப்ஸ் என்ற தனிக் கட்டமைப்பு வந்தது.

எந்தப் பூட்டு?

ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் இடையில் சீக்_ஃபைல் அடுக்கு தானாக உறங்காது. பயனர் நினைவகத்துக்கு நகலெடுப்பதும் பஃபரைப் பெரிதாக்குவதும் அந்த இடைவெளிக்கு வெளியில்தான் நடக்கும். எனவே உறங்காமல் காத்திருக்கும் பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே சீக்_பிரிண்ட்எஃப் அழைக்கலாம். அணியைப் புதுப்பிப்பது சாதாரணச் செயல்முறைச் சூழல் என்றால் உறங்கிக் காத்திருக்கும் பூட்டான மியூடெக்ஸ் போதும். இன்டரப்ட் கையாளி (சாதனம் சிபியுவை இடைமறிக்கும்போது ஓடும் செயற்கூறு) புதுப்பிக்கிறது என்றால் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ வேண்டும். ஆனால் ஒரு நினைவகப் பக்கம் (பொதுவாக 4,096 பைட்) நிறைய எழுத்தை உருவாக்கும் நேரம் முழுவதும் அந்த சிபியுவில் இன்டரப்ட் அடைபட்டிருக்கும். நேரக் கெடு உள்ள சாதனங்களில் இது தாங்காது. கீழே வரும் நகல் முறைதான் அங்கே சரி.

பூட்டே இல்லாமல் படிக்கலாமா? தனித்தனி 32 பிட் எண்களை ரீட்_ஒன்ஸ் வைத்துப் படித்தால் ஒவ்வோர் எண்ணும் முழுதாகக் கிடைக்கும். ஒரே வரியில் வரும் வெப்பமும் எண்ணிக்கையும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை என்ற உறுதி கிடைக்காது. 64 பிட் எண்ணிக்கையை 32 பிட் கணினியில் இப்படிப் படித்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரலாம். அதற்கு அட்டாமிக்64 வகையைப் பயன்படுத்துங்கள். சிபியு வாரியான எண்ணிகளைக் கூட்டும்போது, இயங்கும் சிபியுக்களை மட்டுமல்ல, சாத்தியமான எல்லாச் சிபியுக்களையும் சுற்றிக் கூட்டுங்கள். இல்லையேல் ஒரு சிபியு நிறுத்தப்பட்டதும் மொத்த எண்ணிக்கை பின்னோக்கிப் போகும்.

ஒரு பக்கத்தைத் தாண்டும்போது

64 உறுப்போடு சோதித்து 512 உறுப்போடு வெளியிடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். நம் வரியின் உச்ச நீளத்தைக் கணக்கிடுவோம்: எண்ணுக்கு 3, வெப்பத்துக்குக் கழித்தல் குறியோடு 11, எண்ணிக்கைக்கு 20, இரண்டு இடைவெளி, ஒரு வரிமுடிவு. மொத்தம் 37 பைட். 64 உறுப்புக்கு 2,368 பைட். 4,096 பைட் பக்கத்துக்குள் அடங்கிவிடும். 512 உறுப்புக்கு 18,944 பைட்.

சீக்_ஃபைல் தன் பஃபரை ஒரு பக்க அளவில் தொடங்குகிறது. அது நிரம்பியதும் ஸ்டாப் அழைத்து, பூட்டை விட்டு, பயனருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த படிப்பில் விட்ட வரிசை எண்ணிலிருந்து ஸ்டார்ட் அழைக்கிறது. 'கேட்' எவ்வளவு பெரிய பஃபரோடு கேட்டாலும் இதே கதைதான். ஆக 512 உறுப்பு அணி ஐந்து தவணையில் போகும், நான்கு முறை நடுவில் பூட்டு திறக்கும். முதல் நூறு வரிகள் ஒரு கணத்தையும் கடைசி நூறு வரிகள் வேறொரு கணத்தையும் காட்டும். பயனர் சிறிய பஃபரோடு படித்தால் 64 உறுப்பிலும் இது நடக்கும்.

வரிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் இதனால் கெடுதல் இல்லை. /ப்ராக்/இன்டரப்ட்ஸ் இப்படித்தான் ஓடுகிறது. மொத்தமும் ஒரே கணத்தின் படமாக வேண்டுமென்றால் இரண்டு வழி.

முதல் வழி: அணி முழுவதையும் ஒரே ஷோ அழைப்பில் எழுதி, சிங்கிள்_ஓபன்_சைஸ் மூலம் திறப்பது. அளவைச் சொல்லாத சிங்கிள்_ஓபன் இங்கே வீண்செலவு. 4,096இல் போதாது, 8,192இல் போதாது, 16,384இலும் போதாது, 32,768இல்தான் முடியும். நான்கு முறை முழு அணியையும் பூட்டுக்குள் அச்சிட்டிருப்பீர்கள். 512ஐ 40ஆல் பெருக்கி 20,480 என்று முன்கூட்டியே கொடுத்தால் ஒரே சுற்று. /ப்ராக்/ஸ்டாட் இதே உத்தியைக் கையாள்கிறது: 1,024 பைட்டோடு இயங்கும் சிபியு ஒவ்வொன்றுக்கும் 128 பைட், ஐஆர்க்யூ (இன்டரப்ட் வரி) ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று கூட்டித் தொடக்க அளவைக் கேட்கிறது.

இரண்டாம் வழி: திறக்கும்போதே கேவிமல்லாக் மூலம் 8,192 பைட் எடுத்து, பூட்டுக்குள் அணியை மெம்காப்பி செய்துவிட்டு, நான்கு செயற்கூறுகளும் அந்த நகலின் மேல் நடக்க விடுவது. பூட்டு பிடிபடும் நேரம் வெறும் 8 கிலோபைட் நகலுக்கானது. நினைவகம் ஒதுக்குவதைப் பூட்டுக்கு வெளியே செய்யுங்கள், கோப்பை மூடும்போது ஓடும் ரிலீஸில் கேவிஃப்ரீ மறக்காதீர்கள். இன்டரப்ட் புதுப்பிக்கும் அணிக்கு நாங்கள் எப்போதும் இதையே தேர்வோம்.

பிறப்பும் இறப்பும்

மாட்யூல் ஏறும்போது அணியை முழுதாகத் தயார் செய்து, பூட்டைத் தொடங்கிவைத்த பிறகே கோப்பை உருவாக்குங்கள். ப்ராக்_கிரியேட் திரும்பும் முன்பே யாராவது கோப்பைத் திறந்திருக்கலாம். இறக்கும்போது நேர்மாறு: முதலில் ப்ராக்_ரிமூவ், பிறகே அணியை விடுவிப்பது. ப்ராக்_ரிமூவ், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் படிப்புகள் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். அதற்குப் பின் பழைய கோப்பு எண்ணில் படிப்பவருக்கு உள்ளீடு-வெளியீட்டுப் பிழை கிடைக்கும். வரிசையை மாற்றினால் விடுவித்த நினைவகத்தைப் படிக்கும் பிழை வரும். ப்ராக்_ரிமூவையே மறந்தால், மாட்யூல் போன பிறகு அந்தக் கோப்பைத் தொடும் முதல் ஆள் கெர்னலை வீழ்த்துவார்.

காத்திருப்பு என்பதால் இன்னொரு கண்ணியும் உண்டு. ஸ்டார்ட் எடுக்கும் அதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு ப்ராக்_ரிமூவ் அழைத்தால், படிப்பவர் பூட்டுக்கும் நீங்கள் படிப்பவருக்கும் காத்திருந்து இருவரும் உறைந்துபோவீர்கள்.

/சிஸ் அடைவில் வைப்பதென்றால்

டிவைஸ்_அட்டர்_ஆர்ஓ மேக்ரோவால் பண்பை அறிவித்து, அதன் ஷோ செயற்கூறில் சிஸ்எஃப்எஸ்_எமிட்_அட் அழைத்து உறுப்பு உறுப்பாக இடைவெளி விட்டு எழுதுங்கள், முடிவில் ஒரு வரிமுடிவு. இது 5.10இல் வந்தது. பழைய எஸ்பிரிண்ட்எஃப் போலன்றிப் பக்க எல்லையைத் தாண்டாது. ஆனால் தாண்டாமல் வெட்டிவிடும். ஒரு பண்புக்குக் கிடைப்பது ஒரே பக்கம், அதற்கு மேல் வருவது பயனரைச் சேராது. 64 கிலோபைட் பக்கம் கொண்ட ஆர்ம் கணினியில் எழுதிச் சோதித்த பண்பு, 4 கிலோபைட் பக்கக் கணினியில் பாதியில் அறுந்து நிற்பது இதனால்தான்.

பண்புகளை டிரைவரின் டெவ்_குரூப்ஸ் பட்டியலில் சேருங்கள். சாதனம் பதிவான பிறகு கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், சாதனங்களைக் கவனிக்கும் பயனர் நிரலான யூடெவ் முந்திக்கொண்டு பார்த்து, பண்பு இல்லை என்று போய்விடும். எழுத்தாக்காமல் மூல பைட்டுகளையே தர வேண்டிய அணிக்கு பின்_அட்டர்பியூட் உண்டு. அதில் கட்டமைப்பை அப்படியே நகலெடுத்தால் அதன் புலங்களுக்கு இடையில் கம்பைலர் விட்ட நிரப்பு பைட்டுகளில் பழைய கெர்னல் நினைவகம் கசியும். முன்பே மெம்செட் செய்யுங்கள். எழுத்துக் கோப்புகளில் முகவரிகளை அச்சிட வேண்டாம். 4.15 முதல் சாதாரணச் சுட்டி வடிவம் மறைகுறியாகத்தான் வரும். அது தொல்லையாக இருக்கிறது என்று மறைக்காத வடிவத்துக்கு மாறுவது தாக்குபவருக்கு வழிகாட்டுவதாகும்.

சோதிக்கும் முறை

கட்டுவதற்கு முன் கேசான் (நினைவகப் பிழை), ப்ரூவ்_லாக்கிங் (பூட்டுப் பிழை), டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் (உறங்கக் கூடாத இடத்தில் உறங்குவது) ஆகிய மூன்று சோதனை வசதிகளும் இயக்கிய கெர்னலை ஒரு மெய்நிகர் கணினியில் தயாராக வையுங்கள். மாட்யூல்_லைசென்ஸ் வரி இல்லாவிட்டால் தொகுப்பே நிற்கும்.

அணியின் மதிப்புகளை மாறாமல் நிறுத்திவிட்டு, கோப்பை 'கேட்' மூலம் ஒரு முறையும் 'டிடி' மூலம் 1 பைட் துண்டாக ஒரு முறையும் சேமித்து, 'சிஎம்பி'யால் ஒப்பிடுங்கள். இரண்டும் பைட் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். கடைசி வரி இரட்டித்தால் நெக்ஸ்ட் பிழை. 'கேட்' முடியாமல் அதே வரிகளைக் கொட்டிக்கொண்டே இருந்தால், யாரோ சீக்_ஃபைலை விட்டுத் தாமே ரீட் எழுதி, இடத்தை நகர்த்த மறந்திருக்கிறார்கள். கோப்பு காலியாக வந்தால் ஸ்டார்ட் 0ஆவது இடத்தில் என்ன திருப்புகிறது என்று பாருங்கள். ஏற்றும்போதே 'ஏற்கெனவே பதிவானது' என்ற எச்சரிக்கை வந்தால் அதே பெயரில் கோப்பு இருக்கிறது என்று பொருள்.

'எல்எஸ்' காட்டும் அளவு 0 என்பது பிழையல்ல. எழுத்து படிக்கும்போதுதான் பிறக்கிறது. ஆனால் அளவைக் கேட்டு அதற்கேற்ப நினைவகம் ஒதுக்கும் பயனர் நிரல்கள் எதையும் படிக்காமல் திரும்பிவிடும். 0 பைட் வரும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி உங்கள் ஆவணத்தில் எழுதுங்கள்.

அடுத்து ஒரு முனையத்தில் கோப்பை இடைவிடாது படிக்கும் சுற்று, மற்றொன்றில் மாட்யூலை ஏற்றி இறக்கும் இன்ஸ்மாட், ஆர்எம்மாட் மாறி மாறி ஓடும் சுற்று. இரண்டையும் ஓரிரவு ஓடவிட்டு, காலையில் டிமெஸ்ஜியைப் பாருங்கள். கேசானோ லாக்டெப்போ ஒரு வரி எழுதியிருந்தாலும் அந்த மாட்யூலை வெளியிடாதீர்கள்.